அந்தச் சிவப்புச் சட்டைப் பொண்ணு யாரைப் பாக்குறா? ரமோன் காசாஸ் வரைஞ்ச 'மடலென்' பத்தி கொஞ்சம் நீளமாவே சொல்றேன்

கேள்வி இதுதான்: "பழைய காலத்து ஐரோப்பிய படம் ஒண்ணு, ஒரு பொண்ணு பார்ல தனியா உக்காந்திருக்கா, சிவப்புச் சட்டை, கையில சுருட்டு, முன்னாடி கிளாஸ், ஆனா அவ கிளாஸையும் பாக்கல நம்மளையும் பாக்கல, சைடுல எதையோ பாக்குறா, பாத்தாலே த்ரில்லர் படத்துல இடைவேளைக்கு முன்னாடி வர்ற ஷாட் மாதிரி இருக்கு, யார் வரைஞ்சது, அவ யாரைப் பாக்குறா, ஏன் இவ்ளோ டென்ஷனா இருக்கு?"

முதல்ல சின்ன பதில். வரைஞ்சவர் ரமோன் காசாஸ், ஸ்பெயினோட பார்சிலோனாக்காரர், கேட்டலான் ஓவியர், அதாவது வடகிழக்கு ஸ்பெயின்ல இருக்கற கேட்டலோனியாவைச் சேர்ந்தவர். வரைஞ்ச வருஷம் 1892, இடம் பாரிஸ்ல மோன்மார்த்ர்ங்கற குன்றுப் பகுதி. கான்வாஸ்ல எண்ணெய் வண்ணம், 117க்கு 90 செ.மீ, அதாவது அந்தப் பொண்ணு கிட்டத்தட்ட நெஜ ஆள் சைஸுக்கு உங்க எதிர்ல உக்காந்திருப்பா. இப்போ இருக்கறது பார்சிலோனாவுக்குப் பக்கத்துல மொன்ட்செராட் மலை மேல இருக்கற பெனடிக்டின் மடத்தோட மியூசியத்துல. ஆமா, சாமியார் மடம்தான். சுருட்டும் சரக்குமா உக்காந்திருக்கற பொண்ணை ஒரு மடம் பத்திரமா வெச்சுப் பாதுகாக்குது, எனக்கு இது எப்பவுமே பிடிச்ச விஷயம்.

படத்துக்குப் பேரு ஒண்ணு இல்ல. 'மடலென்'னு சொல்லுவாங்க, 'மூலென் த லா கலெத்தில்'னும் சொல்லுவாங்க (அது அங்க இருந்த ஒரு டான்ஸ் ஹால்), 'அப்சிந்த்'னும் சொல்லுவாங்க (அது ஒரு சாராயம்). இது சும்மா பேர் குழப்பம்னு விட்டுடாதீங்க, ஒவ்வொரு பேரும் ஒரு கதைய நம்ம தலையில ஏத்திடும். மடலென்னு சொன்னா அது ஒரு ஆளோட போர்ட்ரெயிட். கலெத்னு சொன்னா ஒரு இடத்தோட படம், அந்தப் பொண்ணு அங்க வந்த நூறு பேர்ல ஒருத்தி. அப்சிந்த்னு சொன்னீங்கன்னா முடிஞ்சுது, அவ குடிகாரி, பாவம், கெட்டுப்போனவன்னு நம்ம மனசு தானா தீர்ப்பு எழுதிடும். இந்த மூணாவது பேருதான் படத்தை ரொம்பக் கெடுக்குதுன்னு நான் நினைக்கறேன், ஏன்னு பின்னாடி சொல்றேன்.

காசாஸ் யாருன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கிட்டாதான் இந்தப் படம் புரியும். 1866 ஜனவரி 4ல பார்சிலோனாவுல பொறந்தவர், பணக்கார வீட்டுப் பையன். அப்பா கியூபாவுல, சர்க்கரைக்குப் பேர்போன மத்தான்சாஸ் பக்கம் சம்பாதிச்சுட்டு ஊர் திரும்பினவர். அந்தக் காலத்துல அப்படி அமெரிக்கக் கண்டத்துல சம்பாதிச்சுத் திரும்பி வந்தவங்களுக்கு ஊர்ல 'இந்தியானோ'ன்னு பேரு, நம்ம இந்தியாவுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, கொலம்பஸ் பண்ணுன குழப்பத்தோட மிச்சம் அது. பையனுக்குப் படிப்பு ஏறல, பள்ளிக்கூடத்தை விட்டுட்டு பத்துப் பதினொரு வயசுலயே ஜோன் விசென்ஸ்னு ஒருத்தர்கிட்ட ஓவியம் கத்துக்கப் போயிட்டாரு. 1881ல 'லாவென்ஸ்'ங்கற பத்திரிகை ஆரம்பிச்ச கூட்டத்துல இவரும் ஒருத்தர், அப்போ வயசு பதினஞ்சு. அதே வருஷம் பாரிஸ் கிளம்பிட்டாரு.

பாரிஸ்ல இவரு சேர்ந்தது கரோலுஸ் துரானோட பட்டறையில. இந்த ஆளைப் பத்தி ஒரு வரி சொல்லியே ஆகணும். பழைய அகாடமிகள்ல முதல்ல கோடு போடு, மாசக்கணக்கா கரிக்கட்டையில ஷேடு போடு, அப்புறமா பெயின்ட் தொடலாம்னு சொல்லுவாங்க. இவரு அப்படியில்ல, நேரா பிரஷ்ல பெயின்ட் எடுத்து வெளிச்சம் எவ்ளோ நிழல் எவ்ளோன்னு பாத்து அப்படியே வை, பழைய ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸைப் பாரு, திரும்பத் திரும்ப வெலாஸ்கெஸையே பாருன்னு ஓதிக்கிட்டே இருப்பாரு. பேர்போன அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜன்ட்டும் இவர்கிட்ட படிச்சவர்தான். காசாஸ் படங்கள்ல ஓரத்துல இருக்கற ஆளுங்க ரெண்டு மூணு இழுப்புலயே ஆளா நிக்கறாங்களே, அது இந்தப் பட்டறையில பழகின கை. சும்மா அலட்சியமா தேச்ச மாதிரி இருக்கும், ரெண்டடி தள்ளி நின்னு பாத்தீங்கன்னா தொப்பி, தோள், முதுகு எல்லாம் தெரியும்.

இதுல ஒரு வேடிக்கை, 1883ல பாரிஸ் சலோன்ங்கற பெரிய ஓவியக் கண்காட்சியில காசாஸ் வெச்ச படம் ஆந்தலூசிய டிரெஸ் போட்ட சுயஓவியம். ஆந்தலூசியா ஸ்பெயினோட தெற்குக் கோடி, இவரோ வடகிழக்கு மூலையில இருக்கற கேட்டலான். ஆனா பாரிஸ்காரனுக்கு ஸ்பெயின்னா அந்த வேஷம்தான் புரியும்னு பதினேழு வயசுலயே பிடிச்சிட்டாரு பாருங்க. கெட்டிக்காரப் பையன்.

இப்போ மோன்மார்த்ருக்கு வருவோம். 1890 வாக்குல காசாஸும் அவரோட உயிர்த்தோழன், ஓவியர் சாந்தியாகோ ருசிஞோலும், கூட மிகெல் உத்ரில்லோவும், ரமோன் கனுதாஸ்னு ஒரு சித்திரக்காரரும் சேர்ந்து வீடு பிடிச்சாங்க, எங்கன்னா மூலென் த லா கலெத் வளாகத்துலயே. 'மூலென்'னா காத்தாலை. மோன்மார்த்ர் குன்று மேல மாவரைக்கற காத்தாலை இருந்துச்சு, ஆலைக்காரக் குடும்பம் அங்க அரைச்ச மாவுல ஒரு ரொட்டி சுட்டு வித்தாங்க, அதுதான் 'கலெத்', அப்புறம் கூடவே ஒயின், அப்புறம் டான்ஸ் ஹால்னு வளர்ந்து வளர்ந்து கடைசியில மாவைவிட டான்ஸுக்குத்தான் கூட்டம். அந்த ஆலைக்குப் பக்கத்துலயே குடியிருந்துக்கிட்டு ருசிஞோல் பார்சிலோனாவோட 'லா வங்குவார்தியா' பேப்பருக்கு 'ஆலையிலிருந்து'ன்னு கட்டுரை எழுதுவாரு, காசாஸ் அதுக்குப் படம் போடுவாரு. ரெண்டு பேருக்கும் வீட்டுப் பணம் இருந்துச்சுங்கறதை மறக்கக்கூடாது. ஏழ்மையை வரைஞ்சாங்க, ஆனா சாப்பாட்டுக்குக் கஷ்டப்படல.

இந்த கலெத்தை வரையாத ஆள் கம்மி. 1876ல ரெனுவார் வரைஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மரத்து நிழல்ல வெயில் பொட்டுப் பொட்டா விழும், எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஆடுவாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம். 1889ல துலூஸ் லோத்ரெக் வரைஞ்சாரு, அதுல ஏற்கனவே மூஞ்சிங்க இறுகிப்போச்சு. 1900ல பத்தொன்பது வயசு பிக்காஸோ பாரிஸ் வந்த கையோட இதே ஹாலை வரைஞ்சாரு, ராத்திரி, விளக்கு, பூசுன உதடுங்க. இந்த வரிசையில நடுவுல நிக்கறாரு காசாஸ், ஆனா அவரு 'மடலென்'ல கூட்டத்தை வரையல. கூட்டத்துக்கு முதுகு காட்டி, இல்ல இல்ல, சரியா சொல்லணும்னா கூட்டத்தைக் கண்ணாடிக்குள்ள தள்ளிட்டு, ஒரே ஒரு ஆளை முன்னாடி உக்கார வெச்சாரு.

சரி படத்துக்குள்ள போவோம், போன்ல பெருசு பண்ணி வெச்சுக்கிட்டுப் படிங்க.

அவளுக்குப் பின்னாடி இருக்கறது சுவர் இல்ல, கண்ணாடி. பெரிய கண்ணாடி. அதுல மங்கலா தெரியறது டான்ஸ் ஹால், ஆளுங்க, விளக்கு வெளிச்சம். இப்போ கொஞ்சம் யோசிங்க, கண்ணாடி அவளுக்குப் பின்னாடி இருக்குன்னா அதுல தெரியற ஹால் எங்க இருக்கு? அவளுக்கு முன்னாடி. அதாவது நம்ம பக்கம். நம்ம முதுகுக்குப் பின்னாடிதான் அந்த டான்ஸ் முழுக்க நடந்துக்கிட்டிருக்கு, நம்ம அந்தக் கூட்டத்துக்கு நடுவுல, அவளோட மேஜைக்கு எதிர்ல வந்து நிக்கறோம். படத்தை வெளிய நின்னு பாக்கறோம்னு நினைச்சுக்கிட்டிருந்தோம், அவரு நைசா நம்மளை உள்ள இழுத்துப்போட்டாரு. முதல் டென்ஷன் இங்கயே ஆரம்பிக்குது. ஏன்னா முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாம இருக்கறது யாருக்குமே ஒப்பாது.

அடுத்தது அவ கண்ணு. உடம்பு நம்ம பக்கம் இருக்கு, பார்வை மட்டும் ஒதுங்கி, ஃபிரேமுக்கு வெளிய போகுது. இந்த ரெண்டும் ஒரே திசையில இருந்தா டென்ஷன் இல்ல. நேரா நம்மளைப் பாத்தா அது போஸ். முழுசா திரும்பிப் பாத்தா அது ஆக்‌ஷன், ஏதோ நடந்திருச்சு, திரும்பினா, அவ்ளோதான். உடம்பை அசைக்காம கண்ணை மட்டும் நகத்தறதுங்கறது வேற. யாரையோ பாத்துட்டோம், ஆனா பாத்தோம்னு அவனுக்குத் தெரியக்கூடாது, அப்போ நம்ம எல்லாருமே அப்படித்தான் உக்காருவோம். கல்யாண வீட்டுல பேச்சுவார்த்தை இல்லாத சொந்தக்காரர் உள்ள நுழையறப்போ பந்தியில உக்காந்திருக்கறவங்க கண்ணைக் கவனிச்சிருக்கீங்களா, இலையைப் பாத்துக்கிட்டே பக்கத்துல போகுமே, அந்தப் பார்வை.

இங்க கண்ணாடியோட வேலை இன்னொண்ணும் இருக்கு. கண்ணாடின்னு ஒண்ணு படத்துல இருந்தா நம்ம எதிர்பார்ப்பு என்ன, ஃபிரேமுக்கு வெளிய இருக்கறதை அது காட்டிக்குடுக்கும்னுதானே. அவ யாரைப் பாக்குறான்னு தேடி நம்ம கண்ணு தானா கண்ணாடிக்குப் போகும், அங்க போனா எல்லாம் மங்கல், யாரும் தனியா நிக்கல, ஒரு மூஞ்சியும் சிக்காது. திரும்ப அவ கண்ணுக்கு வருவோம், திரும்ப கண்ணாடிக்குப் போவோம். ஒரு தடவை நீங்களே பண்ணிப்பாருங்க, மூணு நாலு ரவுண்டு சுத்துவீங்க. விடையைக் காட்டற மாதிரி பாவ்லா காட்டிட்டுப் பிடுங்கிக்கறது, அதைத்தான் பண்ணியிருக்காரு.

அப்புறம் சுருட்டு. அது வாயில இல்ல, கையில இருக்கு. கிளாஸ் மேஜை மேல இருக்கு, அதுவும் வாயில இல்ல. ரெண்டுமே நடுவுல நின்னுபோன காரியங்க. புகைச்சுக்கிட்டிருந்தா, நிறுத்திட்டா. குடிச்சுக்கிட்டிருந்தா, நிறுத்திட்டா. இன்னொண்ணு, 1892ல பொண்ணு சிகரெட் பிடிக்கறதே ஊர் பேசற விஷயம், இவ கையில இருக்கறது சுருட்டு, ஆம்பளைங்க சமாச்சாரம். அது இவளோடதுதானா இல்ல எதிர்ல உக்காந்திருந்த எவனோ எழுந்து போறப்போ விட்டுட்டுப் போனதான்னுகூட ஒரு நிமிஷம் தோணும். எனக்குத் தோணிச்சு. அதுக்குப் படத்துல ஆதாரம் ஒண்ணும் கிடையாது, ஆனா அப்படி ஒரு கதை தானா மண்டையில ஓடுது பாருங்க, அதான் விஷயம்.

நிறத்தையும் விட்டுடக்கூடாது. காசாஸும் ருசிஞோலும் அந்தக் காலத்துல பாரிஸ்ல வரைஞ்சதெல்லாம் சாம்பல். மழை மேகம் மாதிரி சாம்பல். பார்சிலோனாவுல சாலா பாரெஸ் கேலரியில இந்தப் படங்களைக் கொண்டுபோய் வெச்சப்போ, மரியா ஃபொர்த்துனிங்கற முந்தின தலைமுறை ஓவியரோட பளபளா படங்களைப் பாத்துப் பழகின ஜனங்களுக்கு என்னடா இது ஒரே அழுக்கு நிறமா இருக்குன்னு ஆயிருச்சு. அப்படிப்பட்ட ஆளு இங்க ஒரே ஒரு இடத்துல சிவப்பை முழுசா தொறந்து விடறாரு, அந்தச் சட்டையில. சுத்தி மங்கல், நடுவுல நெருப்பு. அவ மறைஞ்சு உக்கார நினைச்சாலும் முடியாது, அந்த ஹால்ல எந்த மூலையில இருந்து பாத்தாலும் அவதான் முதல்ல தெரிவா. அவ யாரைப் பாக்குறாளோ அவனும் இவளைப் பாத்திருப்பான்னு நமக்கு இதனாலயே தோணுது.

இனி அந்த 'அப்சிந்த்' பேரு விஷயம். அப்சிந்த்ங்கறது மாசிபத்திரி வகைச் செடி ஒண்ணு, கூட சோம்பு, இன்னும் சில மூலிகை எல்லாம் போட்டு வடிக்கற சாராயம், பச்சையா இருக்கும், கசக்கும், சரக்கு ரொம்ப ஸ்ட்ராங். கிளாஸ் மேல ஓட்டைக் கரண்டி வெச்சு, அதுல சர்க்கரைக் கட்டி வெச்சு, மேல இருந்து சில்லுன்னு தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா பச்சை நிறம் பால் மாதிரி கலங்கும். பிரான்ஸ்ல திராட்சைக் கொடிங்களை ஃபிலோக்ஸெரான்னு ஒரு பூச்சி வந்து அழிச்சு ஒயின் விலை ஏறுனதும் இது ஏழை பாழைங்க குடிக்கற சரக்காவும் ஆயிருச்சு, பைத்தியம் பிடிக்கும், வம்சம் அழியும்னெல்லாம் பிரசாரம் நடந்து கடைசியில 1915ல தடையே பண்ணிட்டாங்க. அதனால அப்சிந்த்னு பேர் வெச்ச படம்னாலே சீரழிவுப் படம்னு ஒரு முத்திரை.

அந்த முத்திரைக்குச் சொந்தக்காரர் டெகா. 1875-76ல அவரு வரைஞ்ச படம் இப்போ பாரிஸ் ஓர்சே மியூசியத்துல இருக்கு. ஒரு பொண்ணு, பக்கத்துல ஒரு ஆளு, ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கல, பொண்ணு தோள் தொங்கிப்போய் கண்ணுல ஒண்ணுமே இல்லாம உக்காந்திருப்பா. அதே சமயத்துல மானே ஒண்ணு வரைஞ்சாரு, ரோஜா நிற டிரெஸ் போட்ட பொண்ணு, கையில பத்தவைக்காத சிகரெட், முன்னாடி கிளாஸ்ல ஒரு பிளம்ஸ் பழம், கன்னத்துல கை. அவளுக்கு போர் அடிக்குது, அவ்ளோதான். மானேயோட கடைசி பெரிய படம், 1882ல வரைஞ்ச ஃபோலி பெர்ஷேர் பார், அதுலயும் பொண்ணுக்குப் பின்னாடி கண்ணாடி. காசாஸ் சும்மா ஆகாசத்துல இருந்து குதிக்கல, இவங்க எல்லாம் போட்ட ரோட்டுல வந்தவர்தான்னு படத்தைப் பாத்தாலே தெரியுது. தனியா உக்காந்த பொண்ணு, மேஜை, கிளாஸ், கண்ணாடி, எல்லாமே ஏற்கனவே இருந்த சரக்கு.

ஆனா வித்தியாசம் பெரிய வித்தியாசம். டெகா பொண்ணுக்கு எல்லாம் நடந்து முடிஞ்சிருச்சு. மானே பொண்ணுக்கு எதுவும் நடக்காது. காசாஸ் பொண்ணுக்கு இனிமேதான். இதுதான் நீங்க கேட்ட டென்ஷன். அதனாலதான் அப்சிந்த்ங்கற பேரு இந்தப் படத்துக்குப் பொருந்தலன்னு சொன்னேன், குடிச்சுச் சரிஞ்ச பொண்ணு இப்படி உக்கார மாட்டா. இவ முதுகு விறைச்சிருக்கு, முழுசா முழிச்சிருக்கா. அந்த ஹால்லயே அவதான் நிதானமா இருக்கற ஒரே ஆள்னுகூடச் சொல்லலாம்.

சரி, யாரைப் பாக்குறா? நேர்மையான பதில் சொல்லவா, ஸ்டுடியோ சுவரை. ஏன்னா மடலென் த புவாகியோம்ங்கறது அந்தப் பக்கத்துல ஓவியருங்களுக்கு உக்காந்து குடுத்த மாடல், லோத்ரெக்குக்கும் உக்காந்திருக்காங்கன்னு சொல்லுவாங்க. காசு குடுத்து, தலையை இப்படி வை, கண்ணை அங்க வைன்னு சொல்லி வரைஞ்சதுதான். ராத்திரி ஹால்ல திருட்டுத்தனமா பாத்து வரைஞ்ச ஸ்கெட்ச் இல்ல. காதலன் வேற பொண்ணோட ஆடறதைப் பாக்குறா, வாடிக்கையாளருக்குக் காத்திருக்கா, பிரிஞ்ச புருஷன் வாசல்ல நிக்கறான்னு பல பேர் பல கதை சொல்லுவாங்க. அந்த விலைமாது கதை எனக்கு ஒட்டவே இல்ல, தனியா உக்காந்து குடிக்கற பொண்ணுன்னாலே அதுதான்னு முடிவு பண்றது 1892ல இருந்தவங்களோட புத்தி, நமக்கு எதுக்கு அது. பொறாமைங்கற கதை கொஞ்சம் பொருந்துது, ஆனா அந்த மூஞ்சியில கோபத்தைவிட கணக்குப் போடறதுதான் அதிகம்னு எனக்குத் தோணும். எழுந்து போகலாமா, உக்காந்தே இருக்கலாமான்னு.

காசாஸ் இதை வேணும்னே பண்ணுனாரா, இல்ல குருட்டாம்போக்குல அமைஞ்சதான்னு சந்தேகம் வரும். வேணும்னேதான். அவரோட அடுத்த ரெண்டு பெரிய படங்களைப் பாத்தா சந்தேகம் போயிரும்.

1894ல 'கரோதெ வில்'னு ஒரு படம் வரைஞ்சாரு, இப்போ மாட்ரிட்ல ரெய்னா சோஃபியா மியூசியத்துல இருக்கு. அதுக்கு முந்தின வருஷம் பார்சிலோனாவுல ஒருத்தனுக்குப் பொது இடத்துல மரண தண்டனை குடுத்தாங்க, கரோதெங்கறது கழுத்துல இரும்புப் பட்டை மாட்டி திருகி நெரிக்கற முறை. கொடூரமான சப்ஜெக்ட், வேற யாராவதா இருந்தா அந்தக் கழுத்தை வரைஞ்சிருப்பாங்க. இவரு கூட்டத்தை வரைஞ்சாரு. மேல இருந்து பாக்கற மாதிரி, சுத்தி தலை தலையா ஜனம், நடுவுல வெறும் தரை, அந்தக் காலித் தரையில சிப்பாய்ங்க, கூம்புத் தொப்பி போட்ட கறுப்பு அங்கிக்காரங்க. சாகப்போற ஆளைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், சின்னதா இருப்பான். அவன் இன்னும் சாகல.

அப்புறம் 'லா காரெகா', அதாவது குதிரைப்படை பாயறது. சிவில் கார்ட்ங்கற ஸ்பெயின் போலீஸ்காரங்க கூட்டத்தை விரட்டறாங்க, ஜனம் ஓடுது, முன்னாடி ஒருத்தன் விழுந்து கிடக்கான், குதிரை அவன் மேல வந்துக்கிட்டே இருக்கு. குளம்பு இன்னும் படல. திரும்பவும் படத்துக்கு நடுவுல பெரிய காலி இடம், எல்லாரும் ஓரத்துக்கு ஒதுங்கிட்டாங்க. நடுவுல வைக்க வேண்டியதை வைக்காம விட்டா பாக்கறவன் மனசு அதை நிரப்பிக்கும்னு இவருக்கு நல்லாத் தெரியும். இந்தப் படத்துல இன்னொரு கில்லாடித்தனம் இருக்கு, வரைஞ்சது 1899ல, ஆனா 1902ல பார்சிலோனாவுல பெரிய பொது வேலைநிறுத்தம் நடந்து அடிதடி ஆனதும் படத்துக்கு 'பார்சிலோனா 1902'ன்னு பேர் மாத்திட்டாரு. நடக்கறதுக்கு முன்னாடியே வரைஞ்ச படத்தை நடந்ததோட படமா ஆக்கிட்டாரு. 1904ல மாட்ரிட் கண்காட்சியில அதுக்குப் பரிசும் வாங்கிட்டாரு. இப்போ அது ஒலோட் ஊர்ல இருக்கு.

இந்த மூணு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கரோதெயில காலி இடம் நடுவுல. காரெகாவுலயும் நடுவுல. மடலென்ல காலி இடம் ஃபிரேமுக்கு வெளிய, அவ கண்ணு போற பக்கம். அவ்ளோதான் வித்தியாசம், தந்திரம் ஒண்ணுதான்.

அவரு தோழன் ருசிஞோல் இதே விஷயத்தை வேற மாதிரி ட்ரை பண்ணியிருக்காரு, அதையும் சொல்லிடறேன், ஏன்னா பக்கத்துல வெச்சுப் பாத்தாதான் காசாஸ் எங்க நிறுத்தறாருன்னு புரியும். 1894ல ருசிஞோல் ஜோடியா ரெண்டு படம் வரைஞ்சாரு, ஒண்ணு போதை மருந்து எடுக்கறதுக்கு முன்னாடி, இன்னொண்ணு 'மார்ஃபின்', எடுத்ததுக்கு அப்புறம். ரெண்டாவது படத்துல பொண்ணு படுக்கையில தலையைச் சாய்ச்சு கண்ணை மூடியிருக்கா, மூஞ்சி நிம்மதியா தூங்கற மாதிரி இருக்கும், ஆனா கையைப் பாருங்க, விரலுங்க போர்வையை அள்ளிப் பிடிச்சு இறுக்கியிருக்கும். மூஞ்சி ஒண்ணு சொல்லுது கை ஒண்ணு சொல்லுது. அந்தக் கையை நான் முதல்ல பாத்தப்போ ஒரு மாதிரி ஆயிருச்சு. ருசிஞோலே பல வருஷம் மார்ஃபின் பழக்கத்துல மாட்டிக்கிட்டு 1899ல பாரிஸ் பக்கத்துல ஒரு மருத்துவமனையில சேர்ந்து சிகிச்சை எடுத்து வெளிய வந்தவர்ங்கறது தெரிஞ்சா அந்தக் கை இன்னும் கனக்கும். அந்த 'மார்ஃபின்' படம் பார்சிலோனா பக்கத்துல சித்ஜெஸ் ஊர்ல அவரோட வீடா இருந்து இப்போ மியூசியமா இருக்கற காவ் ஃபெராட்ல இருக்கு. ஆனா பாருங்க, ருசிஞோல் முன்னாடியும் பின்னாடியும் ரெண்டையும் வரைஞ்சு காட்டிட்டாரு. காசாஸ் முன்னாடியோட நிறுத்திக்கிட்டாரு. என் ஓட்டு காசாஸுக்கு, அந்தக் கையை மட்டும் ருசிஞோலுக்குக் குடுத்துடறேன்.

பின்னாடி காசாஸ் என்ன ஆனாருன்னு கேட்டா, வேகமா சொல்லிடறேன். 1897ல பார்சிலோனாவுல 'நாலு பூனை'ங்கற அர்த்தத்துல ஒரு பீர் கடை தொறந்தாங்க, 'எல்ஸ் குவாத்ரெ கட்ஸ்'. கேட்டலான்ல நாலு பூனைன்னா ஈ காக்கா இல்ல, விரல் விட்டு எண்ணற ஆளுங்கதான்னு அர்த்தம், யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்சே வெச்ச பேரு. பணம் போட்டதுல காசாஸ் முக்கியமானவர், கல்லாவுல பெரெ ரொமேவு. ரெண்டு பேரும் ரெட்டை சைக்கிள் மிதிக்கற மாதிரி பெருசா ஒரு படம் வரைஞ்சு சுவர்ல மாட்டினாரு, பின்னால 1901ல அதை எடுத்துட்டு ரெண்டு பேரும் மோட்டார் கார்ல போற படத்தை மாட்டினாரு, நூற்றாண்டு மாறுச்சாம். அங்கதான் 1900 பிப்ரவரியில பொடியன் பிக்காஸோ தன் முதல் கண்காட்சியை வெச்சான், காசாஸ் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சாலா பாரெஸ்ல வெச்ச கரிக்கோட்டு போர்ட்ரெயிட்டுங்களுக்குப் போட்டியா. அந்தக் கரிக்கோட்டு முகங்கள் இருநூத்துக்கு மேல பின்னாடி பார்சிலோனா மியூசியத்துக்கே குடுத்துட்டாரு. அனிஸ் தெல் மோனோங்கற சோம்புச் சாராயத்துக்கு இவரு போட்ட குரங்கு போஸ்டரை இன்னைக்கும் அங்க கடைங்கள்ல பாக்கலாம். அப்புறம் பணக்காரங்களுக்கு போர்ட்ரெயிட், அமெரிக்க சேட்டு சார்ல்ஸ் டியரிங் தோஸ்து, வசதியான வாழ்க்கை, படங்கள்ல அந்தப் பழைய கூர்மை கொஞ்சம் கொஞ்சமா போயிருச்சு. நல்லா வரைவாரு, ஆனா அவசரமே இல்லாத படங்க.

ஒரு விதிவிலக்கு உண்டு. லாட்டரி டிக்கெட் வித்துக்கிட்டிருந்த ஹூலியா பெரெய்ரேன்னு ஒரு பொண்ணு, இவரைவிட இருபது வயசுக்கு மேல சின்னவ, அவளைப் பாத்துட்டு வரைய ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல. வீட்டுல பெரிய எதிர்ப்பு. 1922லதான் கல்யாணம். 1907ல அவளை வெச்சு 'லா சர்கன்தெய்ன்'னு ஒண்ணு வரைஞ்சாரு, மஞ்சள் டிரெஸ், நேரா நம்மளையே பாக்கற பார்வை, பார்சிலோனாவுல லிசேவு ஓபரா அரங்கத்தோட கிளப்புல இருக்கு. மடலென் கண்ணைத் திருப்பி நம்மளைத் தவிக்க விட்டா, ஹூலியா கண்ணை எடுக்காம தவிக்க விடுவா. பதினஞ்சு வருஷ இடைவெளியில அதே ஆளு அதே வித்தையைத் தலைகீழாப் போட்டிருக்காரு. காசாஸ் 1932 பிப்ரவரி 29ல காலமானாரு, ருசிஞோல் அதுக்கு முந்தின வருஷமே போயிட்டாரு.

நேர்ல பாக்கணும்னா பார்சிலோனாவுல எஸ்பான்யா சதுக்கத்துல இருந்து ரயில் இருக்கு, மலையடிவாரத்துல இறங்கி ரோப் காரோ பல்சக்கர ரயிலோ பிடிச்சு மேல போகணும். மேல போற கூட்டத்துல முக்கால்வாசி அங்க இருக்கற கறுப்பு மாதா சிலையைக் கும்பிடறதுக்கு வந்தவங்க, அந்த வரிசையில நிக்காம மியூசியம் பக்கம் திரும்பினீங்கன்னா பழைய ஓவிய மேதைங்க கரவாஜோ படம் ஒண்ணு இருக்கு, எல் கிரேகோ படம் இருக்கு, காசாஸோட இன்னொரு பொண்ணும் இருக்கா, 1899ல வரைஞ்சது, டான்ஸ் முடிச்சுட்டு வந்து பச்சை சோஃபாவுல கறுப்பு டிரெஸ்ஸோட அப்படியே சரிஞ்சு கிடக்கறவ, கையில ஒரு புத்தகம். மடலெனுக்கு நேர் எதிர், டென்ஷன் துளிகூட இல்ல, உடம்புல எலும்பே இல்லாத மாதிரி கிடப்பா. முதல்ல இந்தச் சோஃபாக்காரியைப் பாத்துட்டு அப்புறம் மடலென்கிட்ட போங்க. அவ முன்னாடி நிக்கறப்போ ஒரு தடவையாவது திரும்பி உங்க முதுகுக்குப் பின்னாடி பாப்பீங்க, பாக்காம வந்தா எனக்கு வந்து சொல்லுங்க.